பிளஸ் ஒன் மாணவிக்கு ஓட்டு எதற்கு?

2001ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் தேதி தமிழ்நாட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். 2019 ஜனவரி 2 அன்று அவளுக்கு 18 வயது நிறைகிறது. அதே ஆண்டு ஏப்ரல் 18 அன்று இங்கே மக்களவைத் தேர்தல். அவளால் ஓட்டுப் போட முடியாது. பட்டியலில் பெயர் சேர்க்க அந்த ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று 18 முடிந்திருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். ஒரே ஒரு நாள் பிந்திவிட்டாள். அடுத்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாடு ஓட்டுப் போட்டது 2024 ஏப்ரல் 19 அன்று. அவளுடைய முதல் மக்களவை ஓட்டு அன்றுதான் விழும். அப்போது வயது 23. படிப்பை முடித்து, வேலைக்குப் போய், சம்பளத்தில் வரிப் பிடித்தம் பார்த்துவிட்ட வயது. 2021இல் சட்டத்தைத் திருத்தி, ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் தேதிகளைத் தகுதி நாள்களாக வைத்தார்கள். ஓராண்டு வரை போன இழப்பு இப்போது மூன்று மாதத்துக்குள் அடங்குகிறது, நல்ல மாற்றம். ஆனால் மக்களவைத் தேர்தல் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. தேர்தல் முடிந்த மறுமாதம் 18 நிறைகிறவர் அடுத்த தேர்தலுக்கு 23ஐ நெருங்கும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆக, 18 வயதில் ஓட்டுரிமை என்று நாம் சொல்லிக்கொள்வது, நடைமுறையில் 18க்கும் 23க்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில் கைக்கு வருகிற உரிமை. சராசரி பார்த்தால் இருபதரை வயது.

குழந்தைகளுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று கேட்டால், தொட்டில் குழந்தையின் விரலில் மை வைக்கும் காட்சிதான் பலர் மனதில் முதலில் வருகிறது. ஆனால் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின்படியும் நம் சிறார் நீதிச் சட்டத்தின்படியும் 18 நிறையாத எல்லோரும் குழந்தைகள்தான். பிளஸ் ஒன் படிக்கிற 16 வயதுப் பெண்ணும் அந்தக் கணக்கில் சேர்கிறாள். அவளுக்கு ஓட்டு வேண்டும் என்பதே என் வாதம். ஓட்டு வயது என்ற கோடு இயற்கை போட்டது இல்லை. மனிதர்கள் போட்டு, மனிதர்களே நகர்த்தி வந்தது. பிரிட்டன் 1969இல் 21இலிருந்து 18க்கு இறக்கியது, அமெரிக்கா 1971இல். நமக்குப் பக்கத்திலேயே இலங்கை 1959இல் இறக்கிவிட்டது. இந்தியாவில் 61ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தை 1988 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நடைமுறைக்கு வந்தது 1989 மார்ச் 28. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜனவரி 21 அன்று, தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் நடந்து முடிந்திருந்தது. அன்று 20 வயது இளைஞர் வாக்குச்சாவடி வாசலோடு நிற்க வேண்டியவர். அதே ஆண்டு நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் அதே இளைஞர் வாக்காளர். இடைப்பட்ட பத்து மாதத்தில் அவருடைய மூளை மாறவில்லை, சட்டம் மாறியது.

இப்போது அந்தக் கோடு மறுபடி நகர்ந்துகொண்டிருக்கிறது. பிரேசில் 1988ஆம் ஆண்டு அரசியல் சாசனத்திலேயே 16, 17 வயதினருக்கு விருப்ப ஓட்டு தந்தது. 18 வயதுக்கு மேல் அங்கே ஓட்டுப் போடுவது கட்டாயம். இவர்களுக்குக் கட்டாயம் இல்லை, விரும்பினால் போடலாம். ஆஸ்திரியா 2007இல், அர்ஜென்டினா 2012இல், மால்ட்டா 2018இல் 16க்கு இறங்கின. 2024 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஜெர்மனியிலும் பெல்ஜியத்திலும் 16 வயதினர் ஓட்டுப் போட்டார்கள். பிரிட்டன் அரசும் அடுத்த பொதுத் தேர்தலுக்குள் 16க்கு இறக்கப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. நியூசிலாந்தில் இளைஞர்கள் வழக்கே போட்டார்கள். 18 என்ற வரம்பு வயதின் அடிப்படையில் பாகுபாடு காட்டுகிறது, அதை அரசு நியாயப்படுத்திக் காட்டவில்லை என்று 2022 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அறிவித்தது. சட்டம் இன்னும் மாறவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு சுமையை இடம் மாற்றி வைத்தது: ஓட்டு கேட்கிறவர் தன் தகுதியை நிரூபிப்பதற்கு முன், மறுக்கிறவர் காரணம் சொல்ல வேண்டும்.

மறுப்பவர்கள் சொல்லும் முதல் காரணம், சின்னப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்பது. இந்தக் கேள்விக்கு இந்தியா ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. வெள்ளையர் ஆட்சியில் ஓட்டு என்பது சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்களின் சலுகை. சுதந்திர இந்தியா வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று முடிவெடுத்தபோது, 1951 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு பெற்றவர்கள் 18 சதவீதம்தான். எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்களிடம் நாட்டை ஒப்படைப்பதா என்று அன்றைக்கும் கேட்டார்கள். அரசியல் நிர்ணய சபையின் தலைவர் ராஜேந்திர பிரசாத், கிராமத்து மக்களின் விவேகத்தில் தனக்கு நம்பிக்கை உண்டு என்று அந்தச் சபையின் நிறைவுரையிலேயே பதில் சொன்னார். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னுக்கு முன்னால் இருந்தது நடைமுறைச் சிக்கல். வாக்காளருக்குப் படிக்கத் தெரியாது என்பதற்காக அவரைத் திருப்பி அனுப்பவில்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். சீட்டில் முத்திரை குத்தக்கூட வேண்டாம், பிடித்த சின்னம் உள்ள பெட்டியில் போட்டால் போதும். ஏரும் பூட்டிய மாடும் தெரிந்த விவசாயிக்கு அது போதுமானதாக இருந்தது. பெட்டியை மனிதருக்கு ஏற்ப மாற்றிய நாடு நம்முடையது. மனிதரைப் பெட்டிக்குத் தகுதியானவரா என்று பரீட்சை வைத்துப் பார்க்கிற வேலையை நாம் அன்றே தலைமுழுகிவிட்டோம். தகுதித் தேர்வு இல்லாமல் எழுபது வயதுக்காரருக்குத் தந்த உரிமையை, பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலில் நாடாளுமன்றமும் சட்டமன்றமும் படித்து, அரசுப் பொதுத் தேர்வே எழுதித் தேறி வந்த பெண்ணுக்கு மட்டும் அறிவைக் காரணம் காட்டி மறுப்பது எப்படி நியாயம்?

ஓட்டு என்பது அறிவுக்குத் தரும் பரிசு என்றால் மறுக்கலாம். அது ஒரு தற்காப்பு. ஆட்சியின் முடிவு யார் தலையில் விழுகிறதோ, அவர்களை ஆள வருகிறவர் மதித்துத்தான் ஆகவேண்டும் என்ற நிலையை உண்டாக்குவதுதான் அதன் வேலை. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் 18 வயதுக்குக் கீழே இருந்தவர்கள் சுமார் 47 கோடிப் பேர். மக்கள்தொகையில் 39 சதவீதம். நீட் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்று தமிழ்நாட்டில் ஒவ்வொரு தேர்தலிலும் மேடை போட்டுப் பேசுகிறோம். பிளஸ் டூ முடித்த கையோடு அதை எழுதுகிறவர்களுக்கு வயது பெரும்பாலும் 17. பேசுகிறவர்களும் கேட்கிறவர்களும் தீர்ப்புச் சொல்கிறவர்களும் வேறு யாரோ. அவர்களுக்காகப் பெற்றோர் பேசுவார்களே என்று ஆறுதல் சொல்லலாம். அந்த ஆறுதலும் சுருங்கி வருகிறது. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 1.4. முதியவர்கள் பெருகி, பள்ளிப் பிள்ளை இருக்கிற வீடுகள் குறையக் குறைய, பள்ளிக்கூடத்துக்காக ஓட்டுக் கேட்கிற அரசியலும் மெலியும். கட்சிகளைக் குறை சொல்வதில் பொருள் இல்லை. ஓட்டு இருக்கிற பக்கம்தான் அவர்கள் திரும்புவார்கள்.

16 வயதில் நிதானம் இருக்குமா என்ற கேள்வி நியாயமானது. அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் ஸ்டைன்பர்க் குழுவினர் இந்தியா உட்பட 11 நாடுகளில், 10 முதல் 30 வயது வரையிலான 5,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஆய்வு நடத்தி 2019இல் முடிவை வெளியிட்டார்கள். விவரங்களை நினைவில் வைத்து, எடைபோட்டு, தர்க்கமாக முடிவுக்கு வரும் திறன் ஏறக்குறைய 16 வயதிலேயே பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது. அவசரத்தை அடக்குவது, நண்பர் கூட்டத்தின் உசுப்பலுக்கு ஆளாகாமல் இருப்பது போன்ற முதிர்ச்சிக்குத்தான் இருபதுகள் வரை ஆகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். நள்ளிரவில் நண்பனைப் பின்னால் உட்காரவைத்து பைக் ஓட்டும்போது தேவைப்படுவது இரண்டாவது வகை முதிர்ச்சி. ஓட்டுப் போடுவது அப்படிப்பட்ட கணநேரக் காரியம் அல்ல. வேட்பாளர் யார் என்று வாரக்கணக்கில் தெரியும். வீட்டிலும் வகுப்பிலும் பேசலாம். மாற்றி மாற்றி யோசிக்கலாம். கடைசியில் அட்டை மறைப்புக்குப் பின்னால் தனியாக நின்று பொத்தானை அழுத்தலாம். 16 வயதின் பலம் எங்கே இருக்கிறதோ, ஓட்டு அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஆய்வகத்தை விட்டுவிட்டு, உண்மையில் ஓட்டுக் கொடுத்துப் பார்த்த இடங்களுக்கு வருவோம். ஸ்காட்லாந்து பிரிட்டனில் இருந்து பிரிந்து போவதா என்று 2014 செப்டம்பரில் பொது வாக்கெடுப்பு நடந்தது. ஒரு தேசத்தின் தலையெழுத்தையே தீர்மானிக்கும் அந்த வாக்கெடுப்பில் 16, 17 வயதினருக்கும் ஓட்டு. அவர்களில் 75 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டதாகச் சொன்னார்கள் என்றும், 18 முதல் 24 வரையிலான வயதினரில் அது 54 சதவீதம்தான் என்றும் பிரிட்டன் தேர்தல் ஆணையத்தின் ஆய்வு காட்டியது. அக்கறை இருக்காது என்று யாரைச் சொன்னார்களோ அவர்கள்தான் அண்ணன்மாரை முந்திக்கொண்டு வந்தார்கள். தொடக்கத்தில் இதை ஏற்காத ஸ்காட்லாந்து கன்சர்வேட்டிவ் தலைவர் ரூத் டேவிட்சன் வாக்கெடுப்புக்குப் பிறகு மனம் மாறி ஆதரித்தார். 2015இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஒருமனதாகச் சட்டம் நிறைவேற்றி, தன் தேர்தல்களில் 16 வயதை நிலையாக்கிக்கொண்டது. ஆஸ்திரியாவில் கேட்ட கேள்வி இன்னும் நுட்பமானது: இவர்கள் போடும் ஓட்டு, இவர்களுடைய கருத்தோடு ஒத்துப்போகிறதா, இல்லை கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்களா? ஒருவரின் கொள்கைச் சார்பையும் அவர் தேர்ந்த கட்சியின் நிலைப்பாட்டையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தேர்வு பெரியவர்களுடையதைவிடத் தரத்தில் குறைந்ததில்லை என்று 2012இல் எழுதினார்கள். ஓட்டு வயது இறங்கியதால் அந்நாட்டு அரசியல் தலைகீழாகிவிடவில்லை. இதை ஒரு குறையாகச் சிலர் சொல்கிறார்கள், அப்படியானால் என்ன லாபம் என்று. பயப்பட ஒன்றும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அப்பா சொல்கிற இடத்தில்தான் பிள்ளை போடும், ஒரு வீட்டுக்கு இரண்டு ஓட்டு கூடும், அவ்வளவுதான் என்பது நம் ஊரில் உடனே வரும் மறுப்பு. பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டபோது இதே வார்த்தைகளைத்தான் சொன்னார்கள்: கணவன் சொல்கிற இடத்தில்தான் மனைவி போடுவாள். முதல் பொதுத் தேர்தலில் பட்டியல் தயாரிக்கப் போனபோது, இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொல்லித் தன் பெயரைச் சொல்ல மறுத்த சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகளை நீக்க வேண்டியிருந்தது. அந்த நிலையில் இருந்து, இன்று எந்தக் கட்சியும் பெண்களின் ஓட்டைத் தனியாகக் கணக்குப் போட்டுத் திட்டம் அறிவிக்கிற இடத்துக்கு வந்திருக்கிறோம். உரிமை வந்த பிறகுதான் சொந்த முடிவு வளர்ந்தது. சொந்த முடிவு வளரட்டும், பிறகு உரிமை தருகிறோம் என்று காத்திருந்தால் இன்னும் காத்துக்கொண்டுதான் இருப்போம். ஸ்காட்லாந்தில் வாக்கெடுப்புக்கு முன் எடுத்த கருத்துக்கணிப்பு ஒன்றில் பிள்ளையையும் பெற்றோரில் ஒருவரையும் தனித்தனியே கேட்டார்கள். 40 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து மாறுபட்ட முடிவில் இருந்தார்கள்.

படிக்கிற வயதில் அரசியல் எதற்கு என்று கேட்பவர்களின் கவலையில் அன்பு இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டு வரலாறு அதற்கு எதிராக நிற்கிறது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்கள் கல்லூரி மாணவர்கள். ஜனவரி 27 அன்று சிதம்பரத்தில் துப்பாக்கிச் சூட்டில் விழுந்த ராஜேந்திரன் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர். ஓட்டு வயது அன்றைக்கு 21. தெருவில் நின்ற மாணவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை. ஊர்வலத்துக்கும் தடியடிக்கும் வயது பார்க்கவில்லை, வாக்குச்சாவடியில் மட்டும் பார்த்தார்கள். 1967இல் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். அவருடன் போராடி, அப்போதும் 21 நிறையாத தோழர்கள் அவருக்குப் பிரசாரம் செய்திருக்கலாம், ஓட்டுப் போட்டிருக்க முடியாது. பிள்ளைகளை அரசியல் ஒருபோதும் விட்டுவைத்ததில்லை. எந்தப் பெரியவருக்கும் தெரிந்த அமைதியான, ரகசியமான, ஆபத்தில்லாத அரசியல் வழி ஒன்று உண்டு. அந்த ஒன்றை மட்டும்தான் பிள்ளைகளுக்கு மறுத்திருக்கிறோம்.

எனக்கு உண்மையிலேயே கனமாகப் படுகிற மறுப்பு குழந்தை உரிமைக்காகப் பாடுபடுகிறவர்களிடமிருந்து வருகிறது. 16 வயதில் ஓட்டு என்றால், 16 வயதில் திருமணம் ஏன் கூடாது என்று நாளைக்கு ஒருவர் கேட்பார். பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 18 என்ற அரணிலும் விரிசல் விழும் என்று அஞ்சுகிறார்கள். பயம் பொய்யல்ல. ஆனால் நம் சட்டத்தில் வயது என்பது ஒரே கோடாக எப்போதும் இருந்ததில்லை. 14 முடிந்தால் ஆபத்தில்லாத தொழிலில் வேலைக்குப் போகலாம். 16 முடிந்தவர்மீது கொடுங்குற்றப் புகார் வந்தால், சிறார் நீதி வாரியம் மதிப்பிட்டு, வயது வந்தவரைப்போல விசாரிக்க அனுப்ப 2015 சட்டம் வழிவைத்திருக்கிறது. பெண்ணின் திருமணத்துக்கு 18, ஆணுக்கு 21, மக்களவைக்கோ சட்டமன்றத்துக்கோ நிற்க 25. ஒவ்வொரு வயதும் ஒவ்வொரு காரணத்துக்காக. திருமண வயதும் போக்சோ வயதும் மற்றவர்கள் பிள்ளையைச் சுரண்டாமல் தடுக்கும் வேலிகள். ஓட்டுப் போட்டதால் எந்தப் பிள்ளைக்கும் காயம் படாது. வேலியைப் பிடுங்காமலே கதவைத் திறக்கலாம். கூடவே, தன்னைக் காக்கும் சட்டத்தில் கை வைக்க வருகிற அரசியல்வாதிக்கு எதிராக நிற்கும் பலமும் அந்த ஓட்டால் பிள்ளைக்கு வருகிறது.

அப்படியானால் 16இல் ஏன் நிற்க வேண்டும்? கேம்பிரிட்ஜ் பேராசிரியராக இருந்த டேவிட் ரன்சிமன் 6 வயதிலிருந்தே தரலாம் என்கிறார். ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1974இலேயே எந்த வயதுக் குழந்தைக்கும், அது விரும்பினால், ஓட்டு என்று எழுதினார். இவர்களைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனமில்லை. அறிவைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்று நான் சொன்னதை அவர்கள் கடைசி வரை கொண்டுபோகிறார்கள். ஆனால் ரகசிய ஓட்டு என்பதற்கு, வீட்டில் மிரட்டினாலும் கொஞ்சினாலும் தன் முடிவைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் திராணி வேண்டும். ஆறு வயதில் அது கிடையாது. 16இல் உண்டு என்பதற்கு ஆஸ்திரியாவும் ஸ்காட்லாந்தும் சாட்சி. இடையில் உள்ள வயதுகளுக்கு இப்படி ஓட்டுக் கொடுத்துப் பார்த்த அனுபவம் இல்லை; அதனால் 16இல் நிற்கிறேன். மக்கள்தொகை அறிஞர் பால் டெமெனி 1986இல் சொன்ன வேறொரு வழி, குழந்தையின் ஓட்டைப் பெற்றோரே போடுவது. 2011இல் ஹங்கேரி ஆளுங்கட்சி தாய்மார்களுக்குக் கூடுதல் ஓட்டு தரும் யோசனையை எடுத்துப் பிறகு கைவிட்டது. பிள்ளையின் பேரில் பெரியவருக்குக் கிடைக்கும் இரண்டாவது ஓட்டு பிள்ளையின் உரிமை ஆகாது.

16 வயதுக்கு நடைமுறை வசதி ஒன்றும் இருக்கிறது. 18 வயது என்பது நம் பிள்ளைகள் வீட்டைவிட்டுக் கிளம்பும் வயது. ஈரோட்டுப் பையன் சென்னை விடுதியில், தேனிப் பெண் கோவைப் பணியிடத்தில். பெயர் சேர்க்க முகவரிச் சான்று ஓரிடம், ஆள் ஓரிடம். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் நாடு முழுவதும் 18, 19 வயதில் பட்டியலில் இருந்தவர்கள் சுமார் 1.8 கோடிப் பேர். அந்த வயதில் இருக்கக்கூடியவர்களில் அது பாதிகூட இல்லை. 16 வயதுப் பிள்ளை வீட்டில் இருக்கிறது, பள்ளி வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. வாக்குச்சாவடி நிலை அலுவலராக வீடுவீடாக வருகிறவர் பல ஊர்களில் ஓர் ஆசிரியரோ அங்கன்வாடிப் பணியாளரோதான். வாக்குச்சாவடியும் பெரும்பாலும் பள்ளிக்கூடமே. தேர்தலுக்கு முதல் நாள் பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கி, மேசை போட்டு, இயந்திரத்தைச் சுற்றி அட்டையை நிறுத்துவது அவள் உட்கார்ந்து படிக்கிற அதே அறையில். அந்த ஒரு நாள் மட்டும் அவளுக்கு அங்கே இடமில்லை.

இதற்கு நாளையே அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டியதில்லை. 18 வயது என்று வரையறுக்கும் 326ஆவது பிரிவு பேசுவது மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் நடக்கும் தேர்தலைத்தான். ஊராட்சி, நகராட்சித் தேர்தல்களுக்கு யார் வாக்காளர் என்பது மாநிலச் சட்டங்களின் வழியாக வருவது. தமிழ்நாட்டில் சட்டமன்றப் பட்டியலையே அதற்கும் எடுத்துக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் 1990களின் நடுவில் லோயர் சாக்சனி மாநிலம் உள்ளாட்சித் தேர்தலில்தான் முதலில் 16ஐக் கொண்டுவந்தது. ஆஸ்திரியாவிலும் சில மாநிலங்களின் உள்ளாட்சிகளே முதலில் வழிகாட்டின. நம் 61ஆவது திருத்தத்தின் நோக்க விளக்கத்தை எடுத்துப் பார்த்தால், ஓட்டு வயதை இறக்க அன்று சொன்ன காரணங்களில் ஒன்று, சில மாநில அரசுகள் உள்ளாட்சித் தேர்தல்களில் ஏற்கெனவே 18 வயதை ஏற்றுக்கொண்டுவிட்டன என்பது. மாநிலங்கள் முன்னால் நடந்தன, நாடாளுமன்றம் பின்னால் வந்தது. தெருவிளக்கு எரியாத சந்தில் டியூஷன் முடிந்து இரவு எட்டரைக்குத் திரும்பி வருகிறவள், குடிநீர்க் குழாயடியில் விடியற்காலையில் குடத்தோடு நிற்கிறவள் அந்தப் பிளஸ் ஒன் மாணவிதான். அவளுடைய வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் அவள் பெயரைச் சேர்க்கும் வேலையைச் சென்னைக் கோட்டையிலேயே தொடங்கலாம்.